துப்பாக்கியில் கடையின் பெயர்.. உண்மையில் செய்தது யார்? ஜான் பிரவுனிங்கின் கதை!

அமெரிக்காவில் பழைய வேட்டைத் துப்பாக்கிகள் சிலவற்றின் குழலில் 'சியர்ஸ்', 'டெட் வில்லியம்ஸ்', 'மாடல் 100' என்று பொறித்திருக்கும். சியர்ஸ் அப்போது ஒரு பெரிய கடை நிறுவனமாக இருந்தது. டெட் வில்லியம்ஸ் ஒரு பேஸ்பால் வீரர். இந்தத் துப்பாக்கியை ரெண்டு பேருமே செய்யவில்லை. செய்து கொடுத்தது வின்செஸ்டர் கம்பெனி. அதை வடிவமைத்தவரின் பெயரோ துப்பாக்கியில் எங்கேயும் இல்லை. அவர்தான் ஜான் மோசஸ் பிரவுனிங்.

யார் இந்த பிரவுனிங்?

1855 ஜனவரி 23-ல் யூட்டா மாநிலம் ஆக்டனில் பிறந்தார். அப்பா ஜோனதன் துப்பாக்கி செய்பவர், அவருக்கு மொத்தம் 22 பிள்ளைகள். சின்ன வயசிலேயே அப்பாவின் பட்டறைதான் ஜானுக்குப் பள்ளிக்கூடம். 1879-ல் அப்பா இறந்தார். அதே ஆண்டில்தான் ஜானுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு அந்தத் துப்பாக்கியைச் செய்து விற்க ஆரம்பித்தார்.

1883-ல் வின்செஸ்டர் அதிகாரி பென்னட் ஆக்டனுக்கே தேடி வந்து, அந்த வடிவமைப்பின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கினார்.

94 மாடல் பிறந்த கதை

அடுத்தடுத்து 1886, 1892, 1894 மாடல்களை பிரவுனிங் வடிவமைத்தார். மூன்றும் லீவர் ஆக்‌ஷன் ரகம். அதாவது, ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலி தோட்டா வெளியே விழும், புதியது உள்ளே ஏறும். இதில் 94 மாடல் மட்டும் 70 லட்சத்துக்கும் மேல் விற்றது.

அப்போ பெயர் ஏன் இல்லை?

வடிவமைப்புகளை மொத்தத் தொகைக்கு விற்றுவிடுவது பிரவுனிங்கின் வழக்கம். 40-க்கும் மேற்பட்டவற்றை வின்செஸ்டர் வாங்கியது. போட்டிக் கம்பெனிகளுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே வாங்கி, தயாரிக்காமல் வைத்தவையும் உண்டு.

1902-ல் தானியங்கி ஷாட்கன் ஒன்றுக்கு, விற்பனையில் பங்கு வேண்டும் என்று கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. 19 ஆண்டு உறவு அதோடு முறிந்தது. பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனிக்குப் போனார். ஐரோப்பாவில் சில மொழிகளில் பிரவுனிங் என்றாலே கைத்துப்பாக்கி என்று ஆனது அதன் பிறகுதான்.

1926 நவம்பர் 26-ல், லீஜ் அருகே அந்தத் தொழிற்சாலையிலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 71. பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன.

கடை பெயர் எப்படி வந்தது?

பெரிய கடைகள் மொத்தமாக ஆர்டர் கொடுத்து, தங்கள் பெயரைப் பொறிக்கச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்றன. கம்பெனிக்கோ சொந்த பிராண்டின் விலையைக் குறைக்காமலே கூடுதல் விற்பனை. அப்படித்தான் 94 மாடல், சியர்ஸில் மாடல் 100 ஆனது.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

* சியர்ஸ் மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 273 என்றால் வின்செஸ்டர், 103 என்றால் மார்லின் தயாரிப்பு.

* காலி தோட்டா மேலே வெளியேறினால் வின்செஸ்டர் 94 வகை. மேற்பக்கம் மூடியிருந்து பக்கவாட்டில் வெளியேறினால் மார்லின் 336 வகை.

* 1964-ல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் தயாரிப்பு முறையையே மாற்றியது. மாடல் 100 பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. அதனால் இதை 64-க்கு முந்தைய வின்செஸ்டர் என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் நம்ப வேண்டாம்.

* மாற்றத்துக்குப் பிந்தைய நடுப்பகுதி உலோகத்தில் 'ப்ளூயிங்' எனும் கருநீல மெருகு மறுபடி சரியாக ஒட்டாது. குழல் ஒரு நிறம், நடுப்பகுதி வேறு நிறம் என்றால், பின்னால் யாரோ மெருகு போட்டிருக்கலாம்.

* திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பிரித்து மாட்டியிருக்கிறார்கள். புதிதாகத் துளை போட்டிருந்தாலும் அசல் மதிப்பு குறையும்.

பிரவுனிங் இறந்த மறு ஆண்டு, 1927-ல், பத்து லட்சமாவது 94 மாடல் அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் அவர் குடும்பம் பிரவுனிங் என்ற பெயரிலேயே கம்பெனியை அமைத்தது.