மூக்கை அளந்த துரை

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்று, திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டு வியந்து திரும்பியவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். விலங்கியல் மாணவனாகிய நான் அவருடைய வாழ்க்கையை இங்கு எழுத விரும்புகிறேன். போற்றுவதற்காக மட்டும் அன்று.

தர்ஸ்டன் 1855இல் இங்கிலாந்தில் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்று 1877இல் மருத்துவத் தகுதி பெற்றார். முப்பது வயதில் சென்னைக்கு வந்தவர், முதலில் கண் வைத்தது கடலின்மீதுதான். மன்னார் வளைகுடாவுக்கும் இராமேசுவரத்துக்கும் சென்று கடல்வாழ் உயிர்களைத் திரட்டினார், முத்துக்குளித்தல், சங்கு எடுத்தல் பற்றி எழுதினார், நாணயங்களையும் ஆராய்ந்தார். கடற்கரையில் பிறந்த எனக்கு அந்தத் தர்ஸ்டனைப் பிடிக்கும். சிப்பியையும் பவளத்தையும் அளந்ததோடு அவர் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது.

1890களில் அவர் மனிதரை அளக்கத் தொடங்கினார். நீலகிரியிலும் வயநாட்டிலும் சென்னை நகரிலும் தலையின் நீளம், அகலம், உயரம், கைப்பிடியின் வலிமை எல்லாம் அளந்தார். தோலின் நிறத்தை ஒப்பிட நிறக் கண்ணாடிக் கருவியும் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் மேலாக மூக்கு! மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. 70க்குக் குறைந்தால் கூர்மூக்கு, 85க்கு மிகுந்தால் அகன்ற மூக்கு என வகுத்தனர். இந்த எண்ணைச் சாதியோடு முடிச்சுப் போட்டவர் எர்பர்ட் ரிஸ்லி. வங்காளத்தில் அளந்த அவர், மூக்கு அகல அகலச் சாதியின் சமூக மதிப்புத் தாழும் என்றே எழுதிவிட்டார். அவரே 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையரும் ஆனார். அதே ஆண்டில் தொடங்கிய இனவரைவியல் கணக்கெடுப்பில் சென்னை மாகாணப் பொறுப்பு தர்ஸ்டனுக்கு வந்தது. அருங்காட்சியகத்தில் பணியாற்றிய க. ரங்காச்சாரி அவருக்குத் துணை நின்றார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? தர்ஸ்டனே அதை எழுதி வைத்திருக்கிறார், அதுவும் நகைச்சுவையாக. வயநாட்டின் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் நல்ல உடல்வாகு உடையவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சினார்களாம். படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் புலியையும் மானையும் பாடம் செய்து வைத்திருந்த இடத்திலிருந்து வந்த துரையைக் கண்டு அப்பெண்கள் அஞ்சியதில் என்ன பிழை? சில்லறைக் காசும் சுருட்டும் தந்து இணங்க வைத்தார்கள். மனிதர்மீது செய்யும் ஆய்வுக்கு அவரவர் விரும்பித் தரும் ஒப்புதல் இன்றியமையாதது என்பதை 1947இல் நூரம்பர்க் நெறிமுறை முதல் நெறியாக வைத்தது. அதற்கு ஒரு பெரும் போரும் சிறைமுகாம் கொடுமைகளும் நடந்து முடிய வேண்டியிருந்தது.

சரி, அளந்த எண்களாவது ரிஸ்லியின் விதிக்கு உடன்பட்டனவா? இல்லை. ஒரே சாதிக்குள் மிகக் குறைந்த எண்ணுக்கும் மிகக் கூடிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி, இரு சாதிகளின் சராசரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தது. சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. புள்ளியியல் வகுப்பில் நாம் வீச்சு என்று படிப்பதை நினைவுகூர்க. 1932இல் ஜி. எஸ். குரியே இந்த அளவுகளை மீண்டும் ஆராய்ந்து, இந்துஸ்தானப் பகுதிக்கு வெளியே ரிஸ்லியின் விதி நிற்கவில்லை என்று காட்டினார். மூக்கின் வடிவத்துக்கும் வெப்பம், காற்றின் ஈரம் ஆகியவற்றுக்கும் தொடர்புண்டு என்று தாம்சனும் பக்ஸ்டனும் 1923இலேயே எழுதினர். 2017இல் வந்த ஆய்வொன்றும் அதே திசையில் சென்றது. மாந்தரின் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்பது 1972இல் ரிச்சர்டு லெவான்டின் கண்ட முடிவு. தலைமுறை தலைமுறையாகத் தம்முள்ளேயே மணம் முடிக்கும் கூட்டங்களில் சில மரபு நோய்கள் மிகுவது உண்மைதான். அது திருமண வழக்கத்தின் விளைவு. உயர்வு தாழ்வுக்குச் சான்று ஆகாது.

அந்த நிறக் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். என் பெற்றோர் மரக்காணம் உப்பளத் தொழிலாளர்கள். மேலிருந்து விழும் வெயில் போதாதென்று, கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலும் அவர்கள் முகத்தைச் சுடும். என் தந்தையின் முகத்துக்கும் சட்டை மறைத்த தோளுக்கும் நிறம் வேறு. இவற்றில் எதைத் துரை தம் ஏட்டில் எழுதியிருப்பார்? முகநிறத்தைக் கண்டதும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று முடிவு கட்டுவோரை, கருவி ஏதும் கையில் இல்லாமலே, நான் பேருந்திலும் கடைத்தெருவிலும் பார்த்திருக்கிறேன்.

தர்ஸ்டன் கொடியவர் அல்லர், உழைப்பாளி. அவருடைய ஏழாம் தொகுதியில் உப்பரா, உப்பிலியன் என்னும் தலைப்புகளில், உவர்மண்ணைக் கரைத்து உப்பு எடுத்தவர்களைப் பற்றிய செய்திகள் உள்ளன. அரசு உப்பைத் தன் கைக்குள் கொண்டுவந்ததால் அவர்கள் தொழில் இழந்தனர். மூக்குக் கணக்கைத் தள்ளிவிட்டு இத்தகைய பக்கங்களைப் படித்தால் பயன் உண்டு. ஆனால் அதே மனிதர் குற்றவாளிகளை உடல் அளவுகளால் அடையாளம் காணும் முறையைக் காவல் துறையினருக்குக் கற்பித்தார் என்பதையும் மறைக்கலாகாது. பிறப்பாலேயே சில கூட்டங்களைக் குற்றவாளிகளாகக் கருதும் சட்டம் வடக்கே 1871இல் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய தர்ஸ்டன், கார்ன்வாலில் தங்கி மீண்டும் இயற்கையிடமே போனார். அப்பகுதியின் செடிகொடிகளைப் பற்றி 1922இலும், மரங்களைப் பற்றி 1930இலும் நூல்கள் வெளியிட்டு, 1935இல் பென்சான்ஸ் நகரில் காலமானார். செருமனியில் யூதரின் குடியுரிமையைப் பறித்த நூரம்பர்க் இனச் சட்டங்கள் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவருடைய ஏழு தொகுதிகளும் பின்னர் தமிழிலும் வந்தன. தத்தம் சாதியின் பெருமையைத் தேடி இன்றும் அவற்றைப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.