சதாவதானி செய்குதம்பிப் பாவலர்

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர் செய்குதம்பிப் பாவலர். அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 15 வயதிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் பெற்றார். சீறாப்புராணத்திற்கு உரை எழுதினார். எனினும், தமிழுலகில் அவர் பெயர் நிலைத்தது அவதானக் கலையினால்தான்.

அவதானத்தைக் கவனகம் என்றும் சொல்வர். ஒருவர் மணியடிப்பார், ஒருவர் முதுகில் சிறு கல் எறிவார், ஒருவர் கணக்குக் கேட்பார், இன்னொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். எண்ணிக்கை தவறாமல் அத்தனைக்கும் விடை சொல்ல வேண்டும். எட்டு, பத்து, பதினாறு, நூறு என இதற்குப் படிகள் உண்டு. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில், அறிஞர் பலர் முன்னிலையில், பாவலர் நூறையும் செய்து காட்டிச் சதாவதானி ஆனார். அப்போது அவருக்கு வயது 32.

இது பிறவி வரமா, பழக்கமா? அறிவியல் மாணவியாகிய என்னைக் குடைந்த கேள்வி இது. பாவலரின் மூளையில் அன்று எழுந்த அலைகளை அளக்கக் கருவி இல்லை. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தது 1924-இல்தான். கண்மூடி ஓய்ந்திருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 வரை எழுவது ஆல்பா அலை. மனம் ஒன்றில் ஊன்றும்போது நெற்றிப் பக்கம் வலுப்பது, நொடிக்கு 4 முதல் 8 வரையிலான தீட்டா அலை.

2013-இல் வெளிவந்த கலிபோர்னியா ஆய்வொன்றில், 60 முதல் 85 வயதினர் திரையில் வண்டி ஓட்டிக்கொண்டே குறிகளையும் கவனிக்க ஒரு மாதம் பழகினர். அவர்களது தீட்டா வலுத்தது. அவ்விளையாட்டில், பயிற்சி பெறாத 20 வயதினரையும் முந்தினர்! ஆறு மாதம் கழித்தும் அத்திறன் நீடித்தது. ஒன்றைப் பழகினால் எல்லா அறிவும் கூர்மையாகும் என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆனால், பழகியது எந்த வயதிலும் தேறும்.

ஒரகடத்துக் கம்பெனியொன்றில் ஷிப்டு முடித்து வரும் என் அம்மா, 43 வயதுக்கு மேல் எழுத்து மண்டையில் ஏறாது என்கிறார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் நான் அதை ஒப்பவில்லை. ஞாயிறுதோறும் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்காருகிறோம். இப்போது தம் பெயரோடு என் பெயரையும் எழுதுகிறார்.

பாவலர் 1950-இல் மறைந்தார். இடலாக்குடியில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. நம் ஒவ்வொருவர் வீட்டிலும், படிக்க வயதாகிவிட்டது என்று ஒதுங்கி நிற்பவர் ஒருவரேனும் இருப்பார். அவர் கையில் ஓர் எழுதுகோலைக் கொடுப்போம். பாவலருக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே.