பூனை பிடித்த டாக்டர்

வாலாஜாபாத்துப் பக்கம் பம்புசெட்டைப் பார்க்காதவர் இல்லை. மோட்டார் ஓடினால் மட்டும் போதாது. குழாயை எங்கே விடுகிறோம் என்பதும் முக்கியம். இடம் தவறினால், வாய்க்காலில் படிந்த சேறெல்லாம் கிளம்பி வரும்.

மனித உடலுக்கே ஒரு பம்பு செய்தவர் டாக்டர் ஜான் கிப்பன். 1903ல் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரில் பிறந்தவர்.

1930ஐ ஒட்டிய காலம். பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இளம் டாக்டர் கிப்பன் இரவு முழுவதும் அவள் கட்டிலருகே உட்கார்ந்து நாடி பார்த்தார். காலையில் ஆபரேஷன் நடந்தது. அவள் பிழைக்கவில்லை.

கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, திரும்ப உடலுக்குள் விட முடிந்தால்? இந்த எண்ணம் அவரை விடவில்லை. மனைவி மேரியும் உடன் உழைத்தார். சோதனைக்கு எங்கே போவது? இரவில் மீனைக் காட்டித் தெருப் பூனைகளைச் சாக்கில் பிடித்து வந்தார் டாக்டர்! 1935ல் ஒரு பூனையின் இதய வேலையை யந்திரமே செய்தது. கணவனும் மனைவியும் கட்டிக்கொண்டு ஆடினார்கள்.

மனிதனுக்குப் பயன்பட மேலும் 18 ஆண்டுகள் ஆயின. நடுவில் உலக யுத்தம் வந்தது. மூளையைப் பற்றிய பயம் வேறு. ரத்தத்தோடு காற்றுக் குமிழி மூளைக்குப் போனால் கைகால் விழுந்துவிடலாம்.

1953 மே 6. இதயத்தில் ஓட்டை இருந்த 18 வயதுப் பெண்ணை யந்திரம் 26 நிமிஷம் தாங்கியது. அவள் பிழைத்தாள். அடுத்து வந்த குழந்தைகளோ இறந்தன. மனம் உடைந்த கிப்பன் அந்த ஆபரேஷனையே விட்டுவிட்டார்.

மற்றவர்கள் விடவில்லை. யந்திரத்தைச் சீர்படுத்தினார்கள். பாலாற்றில் மேலே உள்ள நம் வேலூரிலும் 1960களின் தொடக்கத்தில் இத்தகைய ஆபரேஷன் நடந்தது.

குழாயை எங்கே செருகுவது? ஒரு காலத்தில் தொடை ரத்தக்குழாயில் செருகினார்கள். அது எளிது. ஆனால் ரத்தம் கீழிருந்து மேலே எதிர்த்து ஓடும். முதியவர்களின் பெரிய ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும் பெயர்ந்து மூளையில் போய் அடைக்கலாம். இன்று பெரும்பாலும் இதயத்துக்குச் சற்று மேலேயே செருகுகிறார்கள். அங்கும் காறை படிந்திருந்தால் வேறு இடம் தேட வேண்டும். அக்குள் பக்கத்து ரத்தக்குழாய் அப்போது கைகொடுக்கிறது. அந்த வழியில் மற்ற உறுப்புகளுக்கு ஓட்டத்தை நிறுத்தினாலும் மூளைக்கு மட்டும் ரத்தம் விடலாம்.

கிப்பன் 1973 பிப்ரவரியில், 69ஆம் வயதில் காலமானார். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது வந்தது மாரடைப்பு.