மோட்டாரைப் பிரித்துப் படித்த மேதை

நாவலூர் பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கார்களும் பஸ்களும் போய்க்கொண்டே இருக்கும். இந்த வண்டிகளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு வாலிபர் முன்பு இதே கேள்வியைக் கேட்டார். விடை காண, தம் சேமிப்பு முழுவதையும் பணயம் வைத்தார். அவர்தான் ஜி. டி. நாயுடு.

ஓட்டல் சர்வர்

1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பெயர் துரைசாமி. விவசாயக் குடும்பம்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடியது! துரைசாமிக்குத் தூக்கம் போயிற்று. கோவைக்குச் சென்று ஓட்டலில் சர்வர் ஆனார். காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய்க்கு மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார்! திரும்பப் பூட்ட முடியாவிட்டால் அத்தனை உழைப்பும் இரும்புக் குவியல்தான். ஆனால் பூட்டிவிட்டார்!

மேடு ஏறிய ரகசியம்

எல்லா பெட்ரோல் வண்டிக்கும் அடிப்படை ஒன்றே. பெட்ரோல் ஆவியும் காற்றும் சிலிண்டருக்குள் தீப்பொறி பட்டு எரிகின்றன. அந்த வேகம் பிஸ்டனைத் தள்ள, சக்கரம் சுழல்கிறது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற காரும் இப்படித்தான் ஓடியது.

ஆனால் அது மேட்டில் திணறியது. 1888-ல் அவர் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களுடன் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். மேடு வந்தபோது இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று! பிறகு மேடு ஏற இன்னொரு கியர் சேர்த்தார்கள். சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறையும்; இழுக்கும் பலம் கூடும். கியரின் ரகசியம் இதுதான்.

வெளிவராத கார்

1920-ல் நாயுடு கடன் பெற்று ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ்களாயிற்று. 1952-ல், 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் ஒன்றை உருவாக்கினார். ஏழைக்கும் கார் கிடைத்திருக்கும். ஆனால் அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. கார் விற்பனைக்கு வரவேயில்லை.

1974 ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார்.

உங்கள் பிள்ளை பொம்மைக் காரைக் கழற்றினால் அடிக்காதீர்கள். திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குள்ளும் ஒரு நாயுடு இருக்கலாம்!