கிரகம் கண்ட சங்கீத வாத்தியார்

வில்லியம் ஹெர்ஷல் 1738-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்தார். தகப்பனார் ராணுவ பாண்டு வாத்தியக்காரர். ஹெர்ஷல் 1757-ல் இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்தார். பாத் நகரில் சங்கீத வாத்தியார் ஆனார்.

பகலில் சங்கீதம், இரவில் வானம். இதுவே அவர் வாழ்க்கை. பெரிய டெலஸ்கோப் வாங்க வசதி இல்லை. தாமே செய்யத் துணிந்தார்! செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்த்தார். ஒரு முறை 16 மணி நேரம் கையை எடுக்கவே இல்லை. தங்கை கரோலின் அவர் வாயில் உணவு ஊட்டினார்.

நட்சத்திரமா, கிரகமா?

வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒளிப் புள்ளிகளே. டெலஸ்கோப்பில் பார்த்தால் குட்டு வெளிப்படும். எவ்வளவு பெரிதாக்கினாலும் நட்சத்திரம் புள்ளிதான். கிரகமோ வட்டமாகப் பெருக்கும். வெள்ளி சில காலம் பிறைபோல் தெரியும். சனியைச் சுற்றி வளையம் தெரியும்.

1781 மார்ச் 13-ந் தேதி இரவு. வீட்டுத் தோட்டத்தில் டெலஸ்கோப்பில் பார்த்த ஹெர்ஷல் திகைத்தார். ஒரு 'நட்சத்திரம்' வட்டமாகத் தெரிந்தது. பெரிதாக்கப் பெரிதாக்க அதுவும் பெருத்தது!

வால் நட்சத்திரம் என்றே அவர் நினைத்தார். கணித மேதைகள் அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். சனியைப்போல் இரு மடங்கு தூரத்தில் சூரியனைச் சுற்றும் புதிய கிரகம் அது! அதுதான் யுரேனஸ். அதுவரை, பூமியைத் தவிர உலகம் அறிந்த கிரகங்கள் ஐந்தே.

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் கொடுத்தார். சங்கீத வருமானத்தைவிட அது குறைவு. ஆனாலும் ஹெர்ஷல் சங்கீதத் தொழிலை விட்டு, வானமே கதி என்றிருந்தார். 1822-ல், 83-வது வயதில் காலமானார்.

உணவு ஊட்டிய தங்கையும் சும்மா இருக்கவில்லை. தாமே 8 வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்!