அலைகடல் வென்ற ஆரத்தி



ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்குக் கடல் என்பது பூகோளப் புத்தகத்தில் நீல வண்ணம் தீட்டிய ஓரிடமே. காற்றில் சாமைக் கதிர்கள் அலையலையாய்ச் சாய்வதை நாம் அறிவோம். கடல் அலையை அறியோம். ஆயினும் கடலுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் மலையில் பெய்யும் மழைதான் செய்யாறாக இறங்கிச் சமவெளியில் ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, வெள்ளக் காலத்தில் சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே வங்கக் கடலைச் சேர்கிறது. அதே வங்கக் கடலில்தான் வடக்கே ஹூக்ளி நதியும் கலக்கிறது. அந்த ஹூக்ளி நதியின் படித்துறையில் நீந்தக் கற்று, உலகமே வியக்க ஒரு கடலைக் கடந்த வீராங்கனை ஆரத்தி சாகாவின் வரலாற்றை இங்கே காண்போம்.

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவில் மாமல்லபுரம் சென்றபோதுதான் எங்கள் வகுப்பினர் முதன்முதலாகக் கடலைக் கண்டோம். ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றிக்கொண்டு முழங்காலளவு நீரில் நின்றோம். அலை பின்வாங்கியபோது காலடி மணல் நழுவியதே, அப்போது நாங்கள் போட்ட கூச்சல் கலங்கரை விளக்கம் வரை கேட்டிருக்கும். நம் வீடுகளில் பெண் பிள்ளை கிணற்றோரம் எட்டிப் பார்த்தாலே அதட்டல்தான். பீமன் அருவியில் தம்பிமார் குதித்துக் குளிப்பதை நாம் கரையில் இருந்தே பார்க்கிறோம். ஆகவே, ஒரு பெண் பதினாறு மணி நேரத்துக்கு மேல் நடுக்கடலில் தனியே நீந்தினார் என்று படித்தபோது எங்களால் முதலில் நம்பவே இயலவில்லை.

ஆரத்தி 1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தை பஞ்சுகோபால் சாகா இராணுவத்தில் பணி புரிந்தவர். மூன்று வயது நிரம்புமுன்பே ஆரத்தி அன்னையை இழந்தார். தாயற்ற குழந்தையைப் பாட்டி வளர்த்தார். வடகல்கத்தாவில் வீட்டுக் குழாயைவிட ஆற்றுப் படித்துறையே பலருக்குக் குளியலறை. சம்பாத்தலா என்னும் படித்துறைக்கு மாமாவோடு நீராடச் சென்ற சிறுமி, தானாகவே கைகால்களை அடித்து நீந்தக் கற்றுக்கொண்டார். மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை அதட்டவில்லை. ஹாட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்துவிட்டார். அன்று அவர் அதட்டியிருந்தால் இந்தக் கட்டுரை எழுதப்பட்டிராது.

அக்கழகத்தில் அவருடைய திறமையை இனங்கண்டவர் சச்சின் நாக். 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றவர் இவரே. இத்தகைய ஆசான் வாய்த்தது ஆரத்தியின் பேறு. 1946இல், ஐந்தே வயதில், 110 கஜ நீச்சல் போட்டியில் ஆரத்தி முதற் பரிசு பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் மாநிலப் போட்டிகள் பலவற்றில் வெற்றி வாகை சூடினார்.

1952இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அதில் கலந்துகொள்ளச் சென்ற இந்திய அணியில் நான்கு பெண்கள் இருந்தனர். நீலிமா கோஷும் மேரி டிசோசாவும் ஓட்டப் பந்தயத்துக்கு. டோலி நசீரும் ஆரத்தியும் நீச்சலுக்கு. அப்போது ஆரத்திக்கு வயது பதினொன்று! நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கும் தங்கையர் வயது. பதக்கம் கிட்டவில்லை. அதனினும் பெரிய வருத்தம் ஊர் திரும்பிய பின் வந்தது. ஒரு போட்டியில் தம் சொந்தச் சகோதரி பாரதியிடமே அவர் தோற்றார். வேறொருவராயின் சோர்ந்திருப்பார். ஆரத்தியோ தமக்கு நன்கு கைவந்த மார்பு நீச்சலில் முழு மனத்தையும் செலுத்தினார்.

இனி, அவர் வென்ற கடலைப் பற்றிச் சிறிது அறிவோம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கிடப்பது ஆங்கிலக் கால்வாய். கால்வாய் என்ற பெயரைக் கேட்டு நம் வயலோர வாய்க்காலை எண்ணிவிடலாகாது, அது கடலேதான். மிகக் குறுகிய இடத்திலும் அதன் அகலம் சுமார் 21 மைல், அதாவது ஏறத்தாழ 34 கிலோமீட்டர். கோடையிலும் அதன் நீர் 15 முதல் 18 டிகிரி வெப்பமே கொண்டது. மார்கழி விடியலில் நம் விடுதித் தொட்டி நீரில் முதல் சொம்பை ஊற்றிக்கொள்ளும்போது உடல் எப்படி வெடவெடக்கிறது! அத்தகைய நீரில் நாள் முழுதும் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். 1875இல் மாத்யூ வெப் என்ற ஆங்கில மாலுமி முதன்முதலாக அதை நீந்திக் கடந்தார். 1926இல் கெர்ட்ரூட் எடர்லே என்ற அமெரிக்க நங்கை பெண்களுள் முதல்வரானார். 1958இல் டாக்கா நகரின் பிரஜேன் தாஸ் ஆசியர்களுள் முதல்வராகவும், அதே ஆண்டில் மிகிர் சென் இந்தியர்களுள் முதல்வராகவும் கடந்தனர். ஆசியப் பெண் ஒருவர் மட்டும் அதுவரை கடக்கவில்லை.

குளிரைவிடப் பெரிய பகை கடல் நீரோட்டம். நம் ஊரில் காட்டாறு பெருகும்போது அக்கரைக்கு நேராக நடந்தாலும் வெள்ளம் நம்மைக் கீழே இழுத்துச் சென்று வேறோரிடத்தில் கரையேற்றும் அல்லவா? அந்தக் கால்வாயில் ஓட்டம் ஒரு பக்கமாக மட்டும் இழுப்பதில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறிவிடும். அதனால் நீந்துபவர் வளைந்து வளைந்தே செல்ல நேர்கிறது. 21 மைல் அகலத்தைக் கடக்க அதனினும் மிகுந்த தொலைவு நீந்த வேண்டியிருக்கிறது.

இதனால்தான் நீந்துபவரோடு வழிகாட்டிப் படகு ஒன்று செல்கிறது. அந்தப் படகோட்டியைப் பைலட் என்பர். எந்த நேரத்தில் நீரில் இறங்கினால் ஓட்டம் உதவும், எப்போது திரும்பும், எங்கே கப்பல்கள் வரும், எங்கே கரையேறலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அலைகளுக்கு இடையே தலை தாழ்ந்து கிடக்கும் நீச்சல்காரருக்குக் கரை கண்ணில் படாது. படகின் விளிம்பு ஒன்றே திசை. ஆனால் ஒரு விதி உண்டு. படகிலிருந்து உணவும் பானமும் நீட்டலாம். குரல் கொடுத்து ஊக்கலாம். ஒரு விரலாலும் தொடக்கூடாது. தொட்டால் முயற்சி அங்கேயே முடிந்தது. பக்கத்திலேயே இருக்க வேண்டும், சுமக்கவும் கூடாது. எவ்வளவு கடினமான பணி! இனிப் போதும், உயிருக்கு ஆபத்து என்று நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு உண்டு. அது வெறும் சடங்கன்று. பாக் நீரிணையைப் போய்வர நீந்திக் கடந்து புகழ் பெற்ற வல்வெட்டித்துறை வீரர் குமார் ஆனந்தன், 1984இல் இதே ஆங்கிலக் கால்வாயில் முயன்றபோதுதான் உயிர் நீத்தார். அத்துணை பெரிய வீரரையும் அக்கடல் விட்டுவைக்கவில்லை.

மீண்டும் ஆரத்தியிடம் வருவோம். பிரஜேன் தாஸ் தந்த ஊக்கத்தால் தாமும் அக்கடலைக் கடக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1959இல் நடைபெறவிருந்த போட்டிக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தவரும் பிரஜேன் தாஸே. பணத்துக்கு என் செய்வது? நல்லோர் பலர் உதவினர். வங்க முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராயும் துணை நின்றார். கல்கத்தாவின் குளத்தில் இறங்கி, முதலில் 8 மணி நேரமும் பின்னர் 16 மணி நேரமும் இடைவிடாது நீந்தி உடலைப் பழக்கினார். அவ்வாண்டு ஜூலையில், மேலாளர் டாக்டர் அருண் குப்தாவுடன் இங்கிலாந்து புறப்பட்டார்.

1959 ஆகஸ்டு 27. பிரான்சு நாட்டின் கிரீநே முனையில் நள்ளிரவு தாண்டிய இருட்டு. போட்டியாளர்கள் கடலில் இறங்கிவிட்டனர். ஆரத்தியின் வழிகாட்டிப் படகு மட்டும் வந்து சேரவில்லை! படகின்றி இறங்க விதியில்லை. 40 நிமிடங்கள் கரையிலேயே நின்றார். 40 நிமிடம் என்பது நமக்கு ஒரு பாடவேளை. கடலுக்கோ அது பெருங்கணக்கு. இருளில் இறங்கியவர் விடியும் வரை நீந்தினார், பகலிலும் நீந்தினார். இங்கிலாந்துக் கரைக்கு 5 மைல் தொலைவு வரை வந்துவிட்டார். அந்நேரம் பார்த்து நீரோட்டம் எதிர்த்துத் திரும்பியது. மணிக்கணக்கில் கை வீசியும் சிறிது தூரமே முன்னேற முடிந்தது. ஆரத்திக்கோ தொடர வேண்டும் என்ற உறுதி. படகில் இருந்த பைலட்டோ நிறுத்தும்படி வற்புறுத்தினார். இறுதியில் ஆரத்தி பணிந்தார். கரைக்கு அருகே வந்து, கரையேறாமல் படகேறினார்.

இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. படகு தாமதமானதால் வந்த தோல்விக்கு ஆரத்தி ஏன் பணிய வேண்டும் என்று சிலர் கேட்டோம். பிழை யாருடையதாயினும் கடல் அதைக் கணக்கில் கொள்ளாது, உயிரோடு திரும்பினால்தானே மறுபடி முயலலாம் என்று சிலர் வாதிட்டோம். மணியடிக்கும் வரை முடிவு காணவில்லை. ஆனால் ஒன்றில் ஒத்துப்போனோம். அவர் படகில் ஏறியது தோல்வியன்று. அன்றே ஊருக்குக் கப்பல் ஏறியிருந்தால்தான் தோல்வி.

அவர் ஊர் திரும்பவில்லை. மேலாளர் நோய்வாய்ப்பட்டார், துணையும் குறைந்தது. அன்னிய நாடு, குளிர்ந்த கடல், நெஞ்சில் ஆறாத ஏக்கம். ஆயினும் பயிற்சியை விடவில்லை. சரியாக 33 நாட்கள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, அதே கிரீநே முனையில் மீண்டும் நீரில் இறங்கினார். அதே குளிர், அதே அலை, அதே ஓட்டம். இம்முறை கரை அவரிடம் தோற்றது. 16 மணி 20 நிமிடம் நீந்தி, வளைந்தும் நெளிந்தும் 42 மைல் தொலைவு கடந்து, இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் கால் பதித்தார். அங்கே நம் மூவர்ணக் கொடியை ஏற்றினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்ற பெருமை, பத்தொன்பதே வயது நிரம்பிய அந்த வங்கத்து நங்கைக்குக் கிடைத்தது.

1960இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. விளையாட்டுத் துறையில் அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. டாக்டர் அருண் குப்தாவையே மணந்து, ஒரு மகளுக்குத் தாயானார், ரயில்வேயில் பணியாற்றினார். 1994 ஆகஸ்டு 23 அன்று, தமது 53ஆம் வயதில் மறைந்தார். 1999இல் அவர் உருவம் தாங்கிய தபால் தலை வெளியிடப்பட்டது.

தோழியரே! முடிக்குமுன் ஒரு செய்தி. காலாண்டுத் தேர்வில் எங்களில் ஒருத்தி கணக்கில் தவறினாள். இனிப் படித்தது போதும், வீட்டோடு இருக்கட்டும் என்று உறவில் பேச்சு எழுந்தது. அவளும் புத்தகப் பையைப் பரணில் போட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வர் மலைப்பாதையில் நடந்து அவள் ஊருக்குச் சென்றோம். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அறிவுரை சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. ஆரத்தியின் கதையை மட்டும் சொன்னோம். அவள் தாயாரும் அடுப்பருகே இருந்து கேட்டார். கதை முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்த 33 நாளும் ஆரத்தி என்ன செய்தார் என்று. நீந்திக்கொண்டிருந்தார் என்றோம்.

மறுவாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். இப்போது நாள்தோறும் மாலையில் அவளோடு அமர்ந்து கணக்குப் போடுகிறோம். விடையை நாங்கள் சொல்லிவிடுவதில்லை. பக்கத்தில் இருக்கிறோம், அவ்வளவே. இம்மலர் அச்சேறும் இந்நேரம் அரையாண்டுத் தேர்வின் முடிவு வரவில்லை. முடிவு எதுவாயினும், அவள் நீரில் இறங்கிவிட்டாள். பொதுத்தேர்வு வரை நம் படகும் உடன் செல்லும்.

பெற்றோரே, எங்களை அதட்டாது கரை வரை அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியைகளே, அருட்சகோதரிகளே, நீங்கள் எங்கள் வழிகாட்டிப் படகுகள். எங்களைச் சுமக்க வேண்டாம். கண்ணில் படும் தொலைவில் இருங்கள். அடுத்த சுற்றுலாவில் கடலைக் காணும்போது கூச்சலிடாமல் இன்னும் ஓரடி முன்னே வைத்துப் பார்ப்போம், தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்