ஸர் பிரடெரிக் கௌலண்டு ஹாப்கின்ஸ்

உணவைப்பற்றி ஆராய்வோர் முற்காலத்தில் அதன் அளவையே பெரிதும் கருதினர். உண்ட உணவில் இல்லாத பொருள் யாது என்று வினவி, அவ்வினாவின் பின்னே நெடுந்தூரம் சென்றவர் ஹாப்கின்ஸ் பெருமகனார். வைட்டமின் என்றதும் அவர் பெயரை நினைத்தல் உலக வழக்கு. எனினும் அதற்கு முன்னரே அவர் செய்த புரத ஆராய்ச்சியே எமக்கு மிக்க வியப்பை விளைப்பதாகலின், அதனையே ஈண்டுச் சற்று விரித்துரைக்கக் கருதினோம்.

இவர் 1861-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 20-ஆம் நாள் ஆங்கில நாட்டின் தென்கரையிலுள்ள ஈஸ்ட்போர்னில் பிறந்தார். புத்தக வணிகரான தந்தையாரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பள்ளி வாழ்க்கை இவருக்கு உவப்பளிக்கவில்லை. வகுப்புக்குச் செல்லாது திரிந்தமையால் பள்ளியை விட்டு நீங்கவும் நேர்ந்தது. பகைவர்மீது ஆவியை உமிழும் ஒருவகை வண்டினைப்பற்றிப் பதினேழாம் வயதில் இவர் எழுதிய குறிப்பு பூச்சியியல் இதழொன்றில் வெளிவந்தது. அத்தகைய இளைஞரை இன்ஷ்யூரன்ஸ் அலுவலகமொன்றில் கணக்கெழுத அமர்த்தினர்! ஆறு திங்களில் அதனை விடுத்து, இரசாயனப் பரிசோதனைத் தொழிலிற் புகுந்தார். நச்சுப்பொருள் ஆராய்ச்சியில் வல்லவரான தாமஸ் ஸ்டீவன்ஸன் என்பாருக்கு உதவியாளராயிருந்து, இருபத்தேழாம் வயதில்தான் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார்.

1898-இல் மைக்கேல் பாஸ்டரின் அழைப்பை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே நிகழ்ந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. புரதத்துடன் அசெட்டிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் கலந்தால் ஊதா நிறம் தோன்றும் என்பது மாணவர்க்குக் கற்பிக்கும் பழைய சோதனை. ஒருநாள் வகுப்பில் அந்நிறம் தோன்றவில்லை. பிறராயின் வேறு புட்டியைக் கொணருமாறு பணித்திருப்பர். இவரோ காரணத்தை நாடினார். நிறத்தைத் தருவது அசெட்டிக் அமிலமன்று, அதனுள் மாசாகக் கலந்திருக்கும் கிளையாக்ஸிலிக் அமிலமே எனக் கண்டார். அங்ஙனமாயின் அதனோடு சேர்ந்து நிறங்கொள்ளும் பகுதி புரதத்தில் யாது? அதனை ஸிட்னி கோல் என்பாருடன் தேடி, 1901-இல் டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்தைத் தனியே பிரித்தெடுத்தார்.

எடித் வில்காக் என்னும் பெண்மணியாருடன் 1906-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அடுத்த படியாகும். மக்காச்சோளத்திலுள்ள ஸீயின் என்னும் புரதத்தில் டிரிப்டோபேன் இல்லை. அதனையே புரதமாக உண்ட சுண்டெலிகள் விரைவில் மாண்டன. டிரிப்டோபேனைச் சேர்த்தளித்தபோது அவை நெடுநாள் பிழைத்தன, ஆயினும் வளரவில்லை. லைஸின் என்னும் மற்றோர் அமினோ அமிலமும் அதில் இல்லாமையே இதற்குக் காரணம் எனப் பின்னர் அமெரிக்க அறிஞர் விளக்கினர். தமிழ் பயிலும் எமக்கு இதனை எழுத்துக்களைக் கொண்டு உணர்தல் எளிது. மகர மெய்யும் அதன் உயிர்மெய்யும் இல்லாத அச்சுக்கூடத்தில் ஏனை எழுத்துக்கள் மூட்டை மூட்டையாயிருப்பினும் 'அம்மா' என்று அச்சிட இயலுமோ? புரதம் அளவில் மிக்கிருந்தும் உடல் வாடுவது இவ்வாறே.

மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் சுமையும் ஆராய்ச்சியும் ஒருங்கே அழுத்தியதனால் 1910-இல் இவர் உடல்நலம் குன்றிற்று. டிரினிட்டி கல்லூரி பாடச்சுமையற்ற பதவியொன்றை அளித்துக் காத்தது. 1912-இல், தூய உணவை உண்டு வளராதிருந்த எலிகள் சிறிதளவு பாலால் வளர்ந்ததை வெளியிட்டார். இது யாவரும் அறிந்ததே.

இவருடைய பெருமையை நாம் அளந்தறிதற்கு ஏற்றது குளூட்டாதயோன் வரலாறு. 1921-இல் அப்பொருளைப் பிரித்து, அது இரண்டு அமினோ அமிலங்களால் ஆயது என்று அறிவித்தார். 1927-இல் வேறு அறிஞர் இதனை மறுத்தனர். புகழின் உச்சியிலிருந்த முதியவர் சினந்து விடை கூறியிருத்தல் கூடும். அங்ஙனமன்றி, மீண்டும் ஆய்வு மேசைக்குச் சென்றார். அப்பொருளைப் படிகமாக்கி ஆராய்ந்து, குளூட்டாமிக் அமிலம், ஸிஸ்டீன், கிளைஸின் என மூன்றுள என்று 1929-இல் தம் கூற்றைத் தாமே திருத்தினார். அவ்வாண்டிலேயே ஐக்மனுடன் நோபெல் பரிசையும் பெற்றார்.

1914 முதற் பேராசிரியராயிருந்த இவருடைய ஆய்வுக்கூடத்தில் பெண்டிர்க்கு இடமிருந்தது. ஜெர்மனியினின்று துரத்தப்பட்ட ஹான்ஸ் கிரெப்ஸுக்கும் 1933-இல் புகலிடம் கிடைத்தது. 1947 மே 16-ஆம் நாள் ஹாப்கின்ஸ் உயிர் நீத்தார். மறு ஆண்டில், இரத்த அழுத்த நோயை ஆராய்ந்த அமெரிக்கர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஸெரடோனினைப் பிரித்தெடுத்தனர். உடல் அதனை டிரிப்டோபேனிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது. ஹாப்கின்ஸ் வளர்த்த துறையிற் பயின்ற பிரடெரிக் ஸாங்கர், இரத்தத்தின் சர்க்கரையை அடக்கும் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் நிற்கும் முறையை 1955-இல் முற்றும் கண்டறிந்தார். அவ்வைம்பத்தொன்றினுள் டிரிப்டோபேன் ஒன்றேனும் இல்லை.